துரைசானி வீட்டு மாவுப்பூச்சி

ஜன்னலோரத்துப் பூச்செடியில் மாவுப்பூச்சி வந்துவிட்டதென்று மகள் புகையிலையை ஊறவைத்திருந்தாள். அந்தக் கார வாடை பட்டதும், எனக்கு எட்டு வயதில் நடந்தது நினைவுக்கு வந்துவிட்டது.

அப்போது பெங்களூர் அல்சூரில் இருந்தோம். சுதந்திரம் வந்து பத்து வருஷமாகியும் சீமைக்குத் திரும்பாத ஒரு வெள்ளைக்காரத் துரைசானி வீட்டில் அம்மா வேலை செய்தாள். துரைசானி ஒரு மாதம் ஊட்டிக்குப் போனபோது, கூடத்துப் பூந்தொட்டிகளை அம்மாவிடம் ஒப்படைத்தார். நான் எங்கள் தெருவிலிருந்து மொட்டுவிட்ட செம்பருத்திக் கிளை ஒன்றை ஒடித்துவந்து, அழகுக்காக அவற்றின் நடுவே ஜாடியில் வைத்தேன்.

ஒரு வாரத்தில் எல்லாச் செடியிலும் பூச்சி. அம்மா புகையிலைத் தண்ணீரில் துணியை நனைத்து இலை இலையாகத் துடைத்தாள்.

"தின்னுட்டு எப்படி உக்காந்துகினு இருக்குதுங்க பாரு, உங்க மாமா மாதிரி" என்று சிரித்தாள்.

மறுநாளே மறுபடி வெள்ளையாக அப்பியிருந்தன. மொட்டுகள் விரியாமலே உதிர்ந்தன. அம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டாள். என் செம்பருத்திக் கிளையில்தான் பூச்சி அதிகம் என்று கண்டதும், யாருக்கும் தெரியாமல் அதைக் குப்பையில் போட்டேன்.

திரும்பி வந்த துரைசானி தொட்டிகளைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வர வேணாம்" என்றார். நான் கதவோரம் நின்றேன்.

வீட்டுக்கு நடக்கும்போது அம்மா கேட்டாள்: "நான்தான் தண்ணி அதிகமா ஊத்திட்டேனாடி?"

"இருக்கும்மா" என்றேன்.