வைஃபை கார்டில் சுண்ணாம்புக் குறி

அன்று கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் இருந்தது அப்பா, நான், கடைக்காரர் மூன்று பேர்தான். அம்மா வரவில்லை, அவளுக்கு நடவு. கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்று சொந்தத்தில் ஒருவரும் கிடையாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்ததே நான்தான், அதுவும் படித்தது பி.காம்.

லேப்டாப், பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்தது. வியாழக்கிழமை காலை சென்னைக் கம்பெனி ஒன்று ஆன்லைனில் இண்டர்வியூ வைத்திருந்தது. செல்போனில் வரக்கூடாது, லேப்டாப்தான் என்று எழுதியிருந்தார்கள். எங்களுடையதோ வீடியோ திறந்தாலே அப்படியே நின்றுவிடும். ரேம் கூட்டினால் சரியாகும் என்றார் கும்பகோணத்துக் கடைக்காரர்.

“வச்சிட்டுப் போங்க, நாளைக்கு வாங்கிக்கலாம்.”

“வேணாம் தம்பி, நாங்க உக்காந்திருக்கோம்” என்றார் அப்பா. அரிசி மில்லிலும் அவர் அப்படித்தான். எங்கள் நெல் உள்ளே போய் எங்கள் அரிசியாக வெளியே வரும்வரை வாசலை விட்டு நகரமாட்டார்.

கடைக்காரர் அடிமூடியைக் கழற்றி, தூசு தட்ட ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் செய்தித்தாளில் வைத்தார். தபால்தலை அளவில் ஒரு பச்சைத் தகடு.

“இது என்னங்க?”

“வைஃபை கார்டு. உள்ளேயே வச்சு வர்றது. நெட்டை வாங்குறதே இதுதான். ஒரிஜினல், இப்பல்லாம் கிடைக்காது.”

கிடைக்காது என்று அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ரேம் எடுக்க அவர் மாடிக்குப் போனதும் அப்பா காதருகே வந்தார். “உள்ளேயே இருக்கிற சாமானை மாத்திட்டா நமக்கு எப்படிடா தெரியும்?”

களத்தில் நெல்லைக் குவித்துவிட்டு வீட்டுக்கு வர நேர்ந்தால், குவியலின் மேல் சாம்பலால் குறி போட்டுவிட்டு வருவோம். எவனாவது கை வைத்தால் குறி கலைந்துவிடும். அப்பா மடியிலிருந்து வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவை எடுத்தார்.

“ஓரமா வைங்கப்பா.”

“ஓரத்துல வச்சா தொடச்சிடுவான். இங்க தங்கமா மின்னுது பாரு, எவனா இருந்தாலும் இதைத்தான் எடுப்பான்.”

தகட்டின் நுனியில் வரிசையாக இருந்த தங்கநிறப் பற்களின் மேல் ஒரு தீற்று தீற்றிக் கவிழ்த்து வைத்தார். திரும்பி வந்த கடைக்காரர், இன்னொருவரோடு செல்லில் பேசிக்கொண்டே, பார்க்காமல் செருகி மூடிவிட்டார்.

வீட்டில் லேப்டாப் சட்டென்று திறந்தது. ஆனால் என் செல்லின் ஹாட்ஸ்பாட் தெரியவேயில்லை. வைஃபை என்ற அடையாளமே காணோம்.

“மாத்திட்டான்” என்றார் அப்பா. நானும் நம்பினேன். புதன்கிழமை முதல் பஸ்ஸில் போய் நின்றோம்.

“எங்க கார்டு எங்க?”

“எந்தக் கார்டு?” கடைக்காரர் கோபமாகவே திறந்தார். “இது என்ன, வெள்ளையா?”

“எங்க குறி.” அப்பாவின் குரல் இறங்கிவிட்டது.

“அப்ப கார்டு உங்களுதுதானே?”

“எங்களுதுதான்.”

“நல்லது. சுண்ணாம்பு வச்சீங்க சரி, கூட ரெண்டு பாக்கும் வச்சிருக்கலாமே ஐயா!”

பிரஷ்ஷால் தேய்த்துப் பார்த்தார். பற்களைச் சுண்ணாம்பு அரித்திருந்தது, கார்டு உயிர் பெறவில்லை. வேறு கார்டு சென்னையிலிருந்து வரவேண்டும், நாளாகும். பக்கவாட்டில் செருகிக்கொள்கிற வைஃபை ஸ்டிக் ஒன்றை நீட்டினார். நகத்தளவு இருந்தது. அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அவ்வளவு பெரிய பொட்டி செய்யாததை இது செஞ்சிடுமா? நாளைக்கு இவன் பேசி முடிக்கட்டும், அப்புறம் காசு.”

“அப்ப இங்கேயே வந்து பேசச் சொல்லுங்களேன்!”

எரிச்சலில் சொன்னது. அப்பா அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை, பழைய கீபோர்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து பேசினேன். அப்பா எனக்குப் பின்னால் நின்றார். கண்ணெல்லாம் கடைக்காரர் கைமேல்தான். “பின்னால யாரு?” என்றார் திரையில் கேள்வி கேட்ட பெண்மணி. “எங்கப்பா, மேடம்” என்றேன். சிரித்துவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டார். படம் ஒருமுறைகூட நிற்கவில்லை.

வேலை கிடைத்தது. கம்பெனி அனுப்பிய கடிதத்தையும் அப்பா நம்பவில்லை, முதல் சம்பளம் கைக்கு வரட்டும் என்றார். கடையில் கொடுத்தது ரேமுக்கு ஆயிரத்து ஐந்நூறு, கூலி முந்நூறு, ஸ்டிக்குக்கு நானூற்றைம்பது. ஆக மொத்தம் இரண்டாயிரத்து இருநூற்றைம்பது ரூபாய்.