அமுதவல்லியின் இடுப்புக் கத்தி

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கோமாரித் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. வானூர்ப் பக்கத்துப் பால் சங்கச் செயலாளர் போனில் பேசினார். "டாக்டரம்மா, நம்ம அமுதாம்மா போயிட்டாங்களாம். காலையில மாரடைப்பாம். ஊரே வேன் வெச்சிக்கினு விழுப்புரம் கிளம்புறோம்." சொல்லிவிட்டு அழுதார். எனக்குள் முதலில் எழுந்தது துக்கம்தான் என்று எழுதினால், இந்த அஞ்சலியைப் படிக்கிற, அவளை அறிந்த நீங்கள் நம்பிவிடுவீர்கள். என்னை அறிந்தவர்கள் நம்பமாட்டார்கள். எனக்காக ஓர் ஊர் வேன் பிடிக்குமா என்றுதான் முதலில் தோன்றியது. அழுகை, மருந்துப் பெட்டியை மூடிய பிறகு வந்தது.

நானும் அமுதவல்லியும் ஒரே வகுப்பில் கால்நடை மருத்துவம் படித்தோம். ஒன்றாகவே வேலைக்கு வந்தோம். அவளுக்கு வானூர்ப் பக்கம், எனக்கு மயிலம் பக்கம். மதிப்பெண்ணில் நான் அவளைவிட மேலே. அதைப் பற்றி எங்களைத் தவிர யாருக்கும் அக்கறை இல்லை. நாளடைவில் எனக்கு மட்டும்தான் அக்கறை இருந்தது.

அவள் இடுப்பில் அந்தக் கத்தி ஏறியதற்கு ஒரு பசுவின் சாவு காரணம். பெருமுக்கலில் இருவரும் சேர்ந்து முகாம் நடத்திக்கொண்டிருந்தோம். கொஞ்ச தூரத்தில் வேப்பமரத்தில் கட்டியிருந்த பசு ஒன்று மரத்தையே சுற்றிச் சுற்றி வந்து, கயிறு கழுத்தை இறுக்கி விழுந்துவிட்டது. ஓடினோம். அமுதா அதன் தலையை மடியில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பையிலிருந்த மடக்குக் கத்தியை எடுத்தாள். இடுக்கில் சாணமும் துருவும் ஏறியிருந்தன. ஒரு கையால் திறக்க வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். யாரோ அரிவாளோடு வந்து கயிற்றை அறுப்பதற்குள் பசுவின் கண் நிலைத்துவிட்டது. அதன் பாலை விற்றுப் பிழைத்த பெண் எங்களைத் திட்டவில்லை. "நீங்க என்னா பண்ணுவீங்க" என்றுதான் சொன்னாள்.

திரும்பும் பேருந்தில் அமுதா சொன்னாள். "மடக்குற கத்திக்கு ரெண்டு கை வேணும்டி. நம்ம ஒரு கை எப்பவும் மாட்டு மேலதான் இருக்கு."

அடுத்த ஞாயிறு விழுப்புரத்தில் ஓர் இரும்புக் கடைக்குப் போனோம். நான் கொம்புப் பிடி போட்ட, தோல் உறையோடு பளபளத்த ஒரு கத்தியைப் பார்த்த உடனே எடுத்துக்கொண்டேன். அமுதாவோ கடையை இரண்டாக்கினாள். ஒவ்வொரு கத்தியையும் இடுப்பில் சொருகி, கடை நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுந்தாள். வெளியே நின்ற ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு இடக்கையால் உருவினாள். கடைக்காரர் பொறுமை இழந்து, "என்னாம்மா, கத்தி வாங்க வந்தீங்களா, சர்க்கஸ் காட்ட வந்தீங்களா? ஜல்தியா ஒண்ண எடுங்க" என்றார்.

அவள் எடுத்தது விரல் நீள அலகு கொண்ட, மடங்காத, அழகே இல்லாத ஒரு கத்தி. நீளமானது உட்காரும்போது விலாவில் குத்தும் என்றாள். உறை பிளாஸ்டிக்கில் இருந்தது, கழுவிவிடலாம். பிடி மஞ்சள் நிறம். வைக்கோலில் விழுந்தாலும் கண்ணில் படும். அதோடு விட்டாளா? அதன் கூர்முனையை அங்கேயே தேய்த்து மழுக்கச் சொன்னாள். கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "மாடு உதறினா அதுக்கும் குத்தக் கூடாது, எனக்கும் குத்தக் கூடாது. எனக்கு அறுக்கத்தான் வேணும்" என்றாள்.

சுடிதாருக்கு மேல் அகலமான பெல்ட் கட்டி அதில் கத்தியை மாட்டிக்கொண்டு அவள் போனபோது, முதலில் "போலீஸம்மா வருது" என்று சிரித்தார்கள். பிறகு அந்தப் பெல்ட்டைக் கண்டதும் கொட்டகைக் கதவைத் திறந்துவைக்க ஆரம்பித்தார்கள். என் தோல் உறை ஒரே மழைக்காலத்தில் ஊறி நாறியது. அதைக் கழற்றி வீட்டில் வைத்தேன். வேறு வாங்க அதே கடைக்குத் தனியாகப் போய், சின்னதாக, மஞ்சள் பிடியாக ஒன்று வேண்டும் என்றேன். கடைக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. "அமுதா டாக்டர் கத்தியா? இப்ப எல்லாரும் அதான் கேக்குறாங்க. முனைய மழுக்கியே வெச்சிருக்கேன்." பணம் கொடுத்து வாங்கி என் இடுப்பில் கட்டிய கத்திக்கும் அவள் பெயர்தான். நாள் முழுக்க வயிறு எரிந்தது.

வெள்ளம் வந்த வருடத்தை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். விடிந்தும் விடியாத நேரத்தில், ஏரி உடைந்த ஒரு கிராமத்துக்கு இருவரையும் அனுப்பினார்கள். கொட்டகைகளில் கட்டிய மாடுகள் கழுத்தளவு நீரில் கத்திக்கொண்டிருந்தன. நனைந்த முடிச்சுகளை அவிழ்க்கவே முடியாது. ஆளுக்கொரு பக்கமாக அறுத்துக்கொண்டு போனோம். நான் கயிற்றை அறுத்துவிட்ட ஓர் எருமை மிரண்டு பாய்ந்தபோது கயிறு என் மணிக்கட்டில் சுருக்கிட்டுக்கொண்டது. கத்தி கையிலிருந்து போய்விட்டது. எருமை என்னைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போனது. தலை மேலே வந்தபோதெல்லாம் அமுதா நீந்தி வருவது தெரிந்தது. ஒரு கையால் எருமையின் கொம்பைப் பிடித்துத் தொங்கினாள். மறு கை கத்தியோடு என் மணிக்கட்டைத் தேடியது. "கைய ஆட்டாதடி! ஆட்டாம வெச்சிக்க!" தோலுக்கும் கயிற்றுக்கும் இடையில் அந்த மழுங்கிய முனை நுழைந்தது எனக்குத் தெரியும். கூர்முனையாக இருந்திருந்தால் என் நரம்பு போயிருக்கும்.

கரையில் நான் தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தபோது முதுகைத் தட்டிவிட்டபடி, "உன் மார்க்குக்கு எருமையோட மல்லுக்கட்டலாமா?" என்றாள். மறுநாள் நாளிதழில் படம் வந்தது. நடுவில் அமுதா, பக்கத்தில் எருமை, ஓரத்தில் என் முழங்கை. உயிரைக் காப்பாற்றியவள் மீது பொறாமைப்படுவது எளிதல்ல. என்னால் அதுவும் முடிந்தது.

இறுதிச் சடங்கன்று விழுப்புரத்தில் அவள் தெருவுக்குள் வேன்கள் நுழைய இடமில்லை. அவளோடு கடைசிவரை வேலை செய்த உதவியாளர் ஏழுமலை, வாசலில் போட்ட பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அமுதாவின் மகள் உள்ளேயிருந்து கத்தியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். "அண்ணா, நீங்க வெச்சிக்குங்க. அம்மா இருந்தா உங்களுக்குத்தான் குடுப்பாங்க." நான் அவள் பக்கத்தில்தான் நின்றேன். சரியான ஆளுக்குத்தான் போனது. ஆனாலும் அந்த மனிதர் மீதும் எனக்குப் பொறாமை வந்தது.

இப்போது வானூர்ப் பக்கத்தையும் கூடுதலாக நான்தான் பார்க்கிறேன். போன வாரம் அங்கே ஒரு கிடேரிக்குக் கன்று குறுக்கே திரும்பிக் கிடந்தது. தாயும் பிழைக்காது, கன்றும் பிழைக்காது என்று வீட்டார் கையை விரித்துவிட்டார்கள். நெடுநேரம் போராடிக் கன்றைத் திருப்பி உயிரோடு எடுத்தேன். கிடேரி எழுந்து நின்று அதை நக்கியது. கையைக் கழுவிவிட்டு, அமுதாவுக்குச் சொல்ல வேண்டும், "இந்த மாதிரி கேஸ் நீ எடுத்திருக்கியாடி?" என்று கேட்டு, அவள் ஒரு நொடி பேசாமல் இருப்பதைக் கேட்க வேண்டும் என்று போனை எடுத்தேன். அவள் எண்ணையும் அழுத்திவிட்டேன். மணி அடிக்கத் தொடங்கிய பிறகுதான் உறைத்தது.

அவளைவிட நன்றாகச் செய்ய வேண்டும் என்றுதான் இத்தனை வருடமும் காலையில் எழுந்து போனேன். என்னிடம் இருக்கிற நல்ல வைத்தியமெல்லாம் அப்படி வந்ததுதான். அவளிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்தப் பொறாமை ஒன்றுதான். அதை யாருக்கும் கொடுக்கமாட்டேன்.