வழித்தெடுத்த நுரை

எண்பதுகளில் மலேசியாவின் சுங்கைப் பட்டாணி நகரத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். மைக்ரோவேவ் அடுப்புக் கதவின் ஓரத்தில் ஒட்டும் கறுப்பு ரப்பர் பட்டை அங்கே தயாரானது. அடுப்பிலிருந்து கசியும் அலையை அந்தப் பட்டை விழுங்கிவிடும். விழுங்குவது ரப்பர் அல்ல, அதற்குள் கலந்திருக்கும் இரும்புத் தூள். மாவைவிட நைசாக இருக்கும். காந்தத்தைக் காட்டினால் சிலிர்த்து நிற்கும். வெறுந்தூளாக விட்டால் துருப்பிடித்துவிடும். அதனால் முதலில் பிசின் கரைசலில் கிளறி, துகள்களுக்கு மேல்பூச்சு ஏற்ற வேண்டும். அதுதான் எங்கள் வேலை.

எங்கள் என்றால் நானும் ஓர் அக்காவும். பாடாங் மேஹா ரப்பர் தோட்டத்தின் தொழிலாளர் வீட்டு வரிசைகளில் எங்களுக்கு அடுத்த லயத்துக்காரர். என்னை அங்கே சேர்த்துவிட்டதே அவர்தான். லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, இளைப்பு நோய்க்கார அம்மாவோடு கிளினிக்குப் பக்கத்தில் ஓர் அறைக்குக் குடிவந்திருந்தார். வேலை போனால் மறுபடி தோட்டத்துக்குப் போய்ப் பால்மரம் சீவ வேண்டியதுதான்.

கிளறும்போது நுரை பொங்கும். பாதிப் பிசின் அந்த நுரையில்தான் இருக்கிறது, தொடாதே, தானே அடங்கட்டும் என்று அக்கா முதல் நாளே சொல்லியிருந்தார். ஆனால் நான் தோட்டத்தில் மூன்று வருடம் ரப்பர் சீட்டுக்குப் பால் உறையவைத்தவள். அங்கே நுரையை வழிக்காவிட்டால் சீட்டில் குமிழி விழும், கங்காணி வாய்க்கு வந்தபடி ஏசுவார். ஒரு நாள் அக்கா அன்றைய கலவைக்குத் தன் பொறுப்பில் வேலைத்தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அம்மாவைக் கிளினிக்கில் விட்டுவரப் போனார். என் கை தானாகப் போனது. நுரையைச் சுத்தமாக வழித்து வாளியில் கொட்டினேன். அதில் பெருமை வேறு. வெட்கக்கேடு.

இரண்டே வாரத்தில் மூட்டைக்குள் தூள் செங்கல் நிறமாகக் கிடந்தது.

சூப்பர்வைசர் கூப்பிட்டனுப்பியதும் அக்கா என்னை ஓரமாக அழைத்தார்.

"நொரய வழிச்சியா? வழிச்சிருந்தா சொல்லு லா, புதுசுன்னு நான் பேசிக்கிறேன்."

"இல்லக்கா."

அவர் சந்தேகப்படவே இல்லை. உள்ளே போய், தன் கைதான் எங்கோ தவறியிருக்கும் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கே வேலை போனது. நான் மறுநாளும் வேலைக்குப் போனேன்.

தாயும் மகளும் தோட்டத்துக்கே திரும்பினார்கள். அடுத்த மழைக்காலத்தை அம்மா தாண்டவில்லை. துக்க வீட்டில் ஜெபம் முடிந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். பால்மரத்துக் கறை ஏறிய விரல்கள்.

"என் கைக்கு அந்த வேல ஒத்து வரல லா. நீயாச்சும் கவனமா செய்யி."

சரிக்கா என்றேன்.