சூசை அண்ணை ஏறிய கார்

பிள்ளைகளே, யுத்த காலத்தில் என் காரின் பின் அச்சு தேய்ந்துபோனது. கராஜ்காரர் சூசை அண்ணை கேட்ட கூலி மிகவும் கூட என்று, உடைந்த காரொன்றிலிருந்து கழற்றிய அச்சை நானே பூட்டினேன்.

"பூட்டிப்போட்டீரோ, பெரிய மெக்கானிக்கு?" என்று அவர் நக்கலடித்தார்.

அன்று மாலையே ஓடி வந்தார். "தம்பி, மனிசிக்குப் பிள்ளைநோவு தொடங்கிட்டுது. காரை எடும்!"

ஊரில் வேறு வாகனம் இல்லை.

"அண்ணை, முதல்ல அச்சை ஒருக்காப் பாருங்கோ."

"நீர் பூட்டினதுதானே? ஓட்டும்!"

அண்ணையும் மனிசியும் பின்னால் ஏறினார்கள். ஷெல் விழுந்த குழிகளில் கார் குலுங்கியபோதெல்லாம் அச்சு கழன்றுவிட்டதென்றே பதறினேன்.

ஆசுபத்திரியில் குழந்தை அழுத பிறகுதான் அண்ணை காருக்கடியில் படுத்தார். தளர்ந்திருந்த நட்டு ஒன்றை இறுக்கினார். "வாரும், பிள்ளையைப் பாப்பம்" என்றார்.

இன்றும் எதைப் பூட்டினாலும், அதில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி ஏறப்போகிறாள் என்று நினைத்தே பூட்டுகிறேன்.