ஹாஸ்டலுக்குப் பக்கத்துத் தெரு

வித்யாலக்ஷ்மிக்கு இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்தது. இரண்டிலும் பி.காம்.தான், யார் நடத்தினாலும் வரவும் செலவும் மாறிவிடப் போவதில்லை. அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் அங்கே பெண்கள் என்ன செய்கிறார்கள்?

இதெல்லாம் ஒரு கேள்வியா என்று சிரிக்காதீர்கள். திருத்தணியில் அவள் வீட்டில் சாயங்காலம் என்றால் விளக்கேற்றுகிற நேரம், அவ்வளவுதான். அப்பா சேஷகிரி மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைப்பவர். அவருடைய அப்பாவும் அந்த அடுப்பில்தான் வெந்தார். சாமிக்குப் பொங்குகிற கை என்பதால் வீட்டிலும் மடி, ஆசாரம். வெங்காயம் கிடையாது, வெளிச்சாப்பாடு கிடையாது, உலைக்குக் கிணற்றுத் தண்ணீர்தான். சிநேகிதி பிரியங்காவோடு பஸ் ஸ்டாண்டில் பானிபூரி தின்ற கதையைப் பற்றி வித்யா இன்றுவரை வீட்டில் மூச்சு விட்டதில்லை.

இரண்டு இடத்திலும் படிக்கிற பெண்களின் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினாள். ஒன்று ஆந்திர எல்லையைத் தாண்டி, தினமும் காலேஜ் பஸ்ஸில் போய்வரலாம். "கிளாஸ் முடிஞ்சா பஸ்ஸு. பஸ்ல தூங்குவோம்" என்றாள் அங்கே படிப்பவள். பாவம், வேறு சொல்ல அவளிடம் எதுவும் இல்லை.

இன்னொன்று சென்னைக்குப் பக்கத்தில், ஹாஸ்டலோடு. அங்கிருந்து பேசியவள் குரலே சரியாகக் கேட்கவில்லை. பின்னால் ஒரே மேளமும் சிரிப்பும். "இரு இரு, டிராமா ரிகர்சல் நடந்துகினு இருக்குது" என்று கத்தினாள். ஐயோ, அந்தக் கூச்சலிலேயே வித்யா விழுந்துவிட்டாள்!

பக்கத்து ஊரான கே.ஜி.கண்டிகையிலிருந்து பிரியங்காவும் அங்கேதான் சேர்ந்திருந்தாள். அவள் அம்மா கழனி வேலைக்குப் போகிறவள்; மகளை ஹாஸ்டலில் விட ஒரு வார்த்தை தடை சொல்லவில்லை. "நீயும் வந்துடு வித்யா. ஒரே ரூம்ல பேசிகினு கிடக்கலாம்" என்றாள் பிரியங்கா.

ஆனால் அப்பாவிடம் போய் டிராமா, மேளம் என்று சொல்ல முடியுமா? அந்த நிமிஷமே காலேஜ் பஸ்ஸில் ஏற்றிவிடுவார். இந்தப் பெண்தான் கெட்டிக்காரி ஆயிற்றே, அவர் காதுக்கு எது இனிக்கும் என்று தேடினாள். ஹாஸ்டலுக்குப் பின்னால் ஒரு பழைய கோயில் தெரு இருந்தது.

"தெரு பூரா நம்மவாதான்ப்பா. ஆத்துக்கு ஒரு கெணறு இருக்கு. ரொம்ப ஆசாரமான இடம்."

அத்தனையும் உண்மை. சேஷகிரி யோசித்தார். மடப்பள்ளியில் தன் முறை இல்லாத நாளாகப் பார்த்து ரயிலேறினார். வித்யாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

திரும்பி வந்தவர் இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"நீ சொன்னது வாஸ்தவம்தான்டி கொழந்தை. தண்ணி கல்கண்டா இருக்கு. ஒரு போர்ஷன் பேசி முடிச்சுட்டேன். அம்மா உன்னோட வந்து இருப்பா. ஹாஸ்டல் சோறு நோக்கு எதுக்கு? காலேஜ் விட்டா நேரா ஆத்துக்கு வந்துடலாம்."

"நீங்க சாப்பாட்டுக்கு என்னப்பா பண்ணுவேள்?"

"நேக்கென்ன, மலையிலேயே ரெண்டு கவளம்."

எதைச் சொல்லி மறுப்பாள்? கிணறும் அவள் சொன்னது, தெருவும் அவள் சொன்னது. தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டோமே என்று அவளுக்கு அழுகை முட்டியது. 'நான் ஹாஸ்டலில்தான் இருப்பேன்' என்று கத்திவிடலாம் என்று அம்மாவைத் தேடி உள்ளே போனாள்.

அம்மா ஜெயம் பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் அப்படி மலர்ந்து வித்யா பார்த்ததே இல்லை.

"கல்யாணமாகி வந்ததுலேர்ந்து இந்த ஊரை விட்டு ஒரு ராத்திரி தங்கினதில்லைடி. உன் புண்ணியத்துல நானும் வெளியில வரேன்."

கத்த வந்த வித்யா பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். இனி ஹாஸ்டல்தான் என்றாலும், காலேஜ் பஸ்ஸே போதும் என்றாலும் அம்மாவின் பெட்டி மறுபடி பரணுக்குப் போகும். அந்தப் பாவத்தை எப்படிச் செய்வது?

அப்போது பார்த்துப் பிரியங்கா போன் செய்தாள். "ஜன்னலாண்ட கட்டிலு உனுக்குன்னு புடிச்சி வெச்சிகினு இருக்கேன். எப்ப வர்ற?"

உள்ளே அம்மா, ஆட்டுக்கல்லைத் தூக்கிக்கொண்டு போகலாமா என்று அப்பாவைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வேற யாருக்காவது குடுத்துடு பிரியா" என்றாள் வித்யா. "எங்கம்மாவும் வரா."