வலப்பக்கம் வந்த மோட்டார்

கோமதியக்கா மாரடைப்பில் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது, சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் இடம் காலியானது. உட்கார முடியவில்லை. அதற்குப் பிறகும் ஓர் இடத்தில் என்னால் உட்கார முடியவில்லை. காரணம் துக்கம் மட்டும் இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நம் ஃபேக்டரியில் டிராயிங் செக்‌ஷன் கோமதியக்காவைத் தெரியாதவர் யார்? சாப்பிடும்போதுகூட ஸ்கேலை வைத்து எதையாவது அளந்துகொண்டிருப்பார். "கை சும்மா இருந்தா எனக்கு மண்ட காயும்பா" என்பார். அந்தக் கைதான் என்னையும் ரிமோட்டில் ஓட்டும் பொம்மைக் கார் பைத்தியத்தில் இழுத்துவிட்டது. அவருடைய காரின் பிளாஸ்டிக் அடித்தட்டு ஒருநாள் உடைந்தது. "இன்னொண்ணு இன்னாத்துக்கு வாங்கணும்? நாமளே அலுமினியத்துல பண்ணிக்கலாம்" என்றார். வரைவது அவர், துளை போடுவது நான்.

வரைபடத்தின் மூலையில் 'கீழ்ப்பக்கம்' என்று தெளிவாக எழுதியிருந்தார். அதைத் தகட்டில் ஒட்டித் துளைகளைப் போட்டேன். திருகின் தலை தரையில் உரசாமல் அமுங்க, துளையின் வாயைக் கீழ்ப்பக்கத்தில் அகலப்படுத்த வேண்டும். நான் அவசரக்குடுக்கை. மூலையைப் படிக்காமல், காகிதம் ஒட்டிய பக்கம்தான் மேல்பக்கம் என்று நினைத்து, தகட்டைத் திருப்பிப்போட்டு அகலப்படுத்திவிட்டேன். அகலப்படுத்திய பக்கம் கீழே வரும்படி மாட்டிப் பார்த்தால், இடப்பக்கம் வரவேண்டிய மோட்டார் வலப்பக்கம் வந்து நின்றது. கியரோடு சேரவே இல்லை.

கேன்டீனில் நாலு பேர் சூழ்ந்துகொண்டு கேட்டபோது, "அக்கா கண்ணாடில பாத்து வரைஞ்சிட்டாங்க" என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் சிரித்தோம். அன்றுமுதல் 'கண்ணாடி டிராயிங்' என்று அவரைக் கிண்டல் செய்தோம். உங்களில் பலரும் செய்தீர்கள். அவரோ, "அந்தத் தகட்ட என்கிட்ட குடுப்பா" என்று வாங்கிக்கொண்டு போனார். உண்மையைச் சொல்ல அவர் மேசைவரை எத்தனையோ முறை போனேன். ஒவ்வொரு முறையும் வேறு எதையோ பேசிவிட்டுத் திரும்பினேன்.

துக்கம் விசாரிக்கப் போனபோது அவர் கணவர் ஓர் அட்டைப்பெட்டியைக் கொடுத்தார். "ரெண்டு வாரமா இத்தயே நோண்டிக்கினு இருந்தா. உன்கிட்ட குடுக்கணும்னு சொல்லிக்கினே இருந்தா."

உள்ளே கார். நான் கெடுத்த அதே தகடு. கியர்பெட்டியைத் திருப்பி மாட்டி, வலப்பக்க மோட்டாரோடு சேர்த்திருந்தார். அப்படி மாட்டினால் கார் பின்னால் ஓடும். அதற்காக மோட்டாரின் இரண்டு வயரையும் இடம் மாற்றியிருந்தார். அடியில் வரைபடத்தின் இன்னொரு நகல். மூலையில் 'கீழ்ப்பக்கம்' என்ற சொல்லைச் சுற்றிப் பென்சில் வட்டம். பக்கத்தில், 'அடுத்த தபா இத்தப் படி' என்று எழுதியிருந்தார்.

அவர் வீட்டுத் தெருவிலேயே ஓட்டினோம். நேராக முன்னால் ஓடியது. அவர் கணவர் அதன் பின்னாலேயே நடந்துபோனார். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. காரை அவரிடமே விட்டுவிட்டு, காகிதத்தை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன். இப்போது அது என் டூல் பெட்டியின் மூடியில் இருக்கிறது.

நேற்று மறுபடி அக்காவின் மேசைவரை போனேன். செக்‌ஷனில் எல்லாரும் இருந்தார்கள். இந்த முறை வேறு எதையும் பேசவில்லை. எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "டிராயிங் கரெக்டாதான் இருந்திச்சிக்கா."