நாலை விட்டு எண்ணிய குரல்

பேய் பிசாசு என்று யாராவது கதைக்கத் தொடங்கினால் எழும்பிப் போகிற ஆள் நான். பாழடைந்த எத்தனையோ வீடுகளில் தனியே நின்று வேலை செய்திருக்கிறேன், ஒன்றும் வந்ததில்லை. ஆனால் பரந்தனில் அன்று மத்தியானம் கேட்டதை, நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, கேட்டேன் என்றுதான் சொல்வேன்.

நான் டைல்ஸ் பதிக்கிற மேசன். மலர் அக்கா தன் புது வீட்டில் சமைக்கிற குசினிச் சுவரில் பதிக்கச் சொல்லி மூன்று பழைய இங்கிலாந்து டைல்ஸ் தந்தார். வெள்ளைப் பரப்பில் நீல மையால் அச்சடித்த படம். ஆற்றங்கரை, மேயும் ஆடுகள். மலைநாட்டில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவை இடித்தபோது அவருடைய அப்பாவுக்குக் கிடைத்தவையாம், வன்னிக்கு வரும்போது சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தாராம். ஷெல் விழுந்த பழைய வீட்டில் இவை மட்டும்தான் உடையாமல் கிடந்தன. அக்காவின் ஒரே மகள் கடைசி யுத்தத்தில் சனநெரிசலுக்குள் அக்காவின் கைப்பிடி நழுவிக் காணாமல் போனவள். ஆறு வயது. இன்றுவரை தகவல் இல்லை.

"கவனமாப் பதியுங்கோ தம்பி, நான் வயலுக்குப் போட்டு வாறன்" என்று அக்கா போய்விட்டார்.

பதித்து முடித்து, ஈரத்துணியால் துடைத்துவிட்டு, வெளியே கை கழுவிக்கொண்டிருந்தேன். குசினிக்குள் ஒரு பிள்ளை எண்ணியது.

"ஒண்டு, ரெண்டு, மூண்டு, அஞ்சு, ஆறு."

அயல்வீட்டுப் பிள்ளை ஈரச் சுவரைத் தொடப்போகிறது என்று உள்ளே ஓடினேன். ஒருவரும் இல்லை. பின்கதவு பூட்டியபடி. நான் பார்த்துக்கொண்டு நிற்கவே, என் இடுப்பு உயரத்திலிருந்து மறுபடியும் "ஒண்டு, ரெண்டு, மூண்டு, அஞ்சு" என்று கேட்டது.

அக்கா வந்ததும் கேட்டேன். "இஞ்ச சின்னப் பிள்ளை ஆரும் வாறதோ அக்கா? நாலை விட்டுப்போட்டு எண்ணுது."

மண்வெட்டியைப் போட்டுவிட்டு அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

"என்ர பிள்ளைக்கு நாலு வராது தம்பி. இந்த ஆடுகளைக் காட்டித்தான் எண்ணப் பழக்கினனான்." சுவரைப் பார்த்தபடி கேட்டார். "பயந்த குரலோ?"

"இல்லை அக்கா. விளையாடுற குரல்."

போன கிழமை அக்காவைச் சந்தியில் கண்டேன். ஒவ்வொரு மத்தியானமும் அந்தச் சுவருக்குக் கீழே போய்க் குந்தியிருக்கிறாராம்.

"எனக்கு ஒருநாளும் கேக்கேல்லை தம்பி. வேற ஏதும் சொன்னவளோ?"

"இல்லை அக்கா" என்றேன்.

பொய். இரண்டாம் முறை அவள் ஆறு வரை எண்ணவில்லை. யாரோ கூப்பிட்டதுபோல் இடையில் நிறுத்தி, "இந்தா வாறன் அம்மா" என்றாள். சொன்னால் அக்கா அந்தச் சுவரை விட்டு எழும்பமாட்டார். அந்நேரம் அக்கா வயலில் நின்றவர்; கூப்பிட்ட குரலோ எனக்குக் கேட்கவே இல்லை.